பிரசவத்துக்கு ஊருக்கு வந்துவிடலாமா? அமெரிக்கக் குடியுரிமை வழக்கும் பிறக்கப்போகும் குழந்தையும்

டெக்சாஸில் டல்லாஸுக்குப் பக்கத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் திருப்பூர்ப் பக்கம். அவர் ஹெச்-1பி என்ற வேலை விசாவில், மனைவி அதைச் சார்ந்த ஹெச்-4 விசாவில். கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு அனுமதியாகிவிட்டது, ஆனால் கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியவில்லை. மூத்த மகள் 2022-இல் அங்கேயே பிறந்தவள். இப்போது மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி, ஏப்ரலில் பிரசவம். அமெரிக்க மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற விதியைக் குறுக்கி அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை தன் குழந்தையைப் பாதிக்குமா என்பது முதல் கேள்வி. டெக்சாஸ் அந்த ஆணையை எதிர்த்து வழக்குப் போடவில்லை, வழக்குப் போட்ட நியூஜெர்சியில் அக்கா வீட்டுக்குப் போய்ப் பிரசவம் பார்த்தால் பாதுகாப்பா என்பது இரண்டாவது. மாமனார் வேறு, "இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவனுக்குப் பிறக்கும் பிள்ளை எப்படி அமெரிக்கனாகும்? நம் நாட்டிலேயே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். பேசாமல் இங்கே வந்து பெற்றுக்கொள்ளுங்கள்" என்கிறாராம். கடைசியில் ஒரு வரி: "இரண்டு பிள்ளைகளும் சிட்டிசன் என்றால், வேலை போனாலும் எங்களை அனுப்ப மாட்டார்கள் அல்லவா?"

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற முடிவுகளையெல்லாம் அதுதான் குழப்புகிறது. அனுப்ப முடியும். குழந்தையின் குடியுரிமை பெற்றோருக்கு எந்த விசாவையும் தராது. பிள்ளைக்கு 21 வயது நிரம்பிய பிறகுதான் பெற்றோருக்காக மனுப் போட முடியும். உங்கள் வேலை போனால் வழக்கமாகக் கிடைக்கும் 60 நாள் அவகாசம் மட்டுமே, அதற்குள் வேறு நிறுவனமோ வேறு விசா நிலையோ பார்த்தாக வேண்டும். மூத்தவள் அமெரிக்கக் குடிமகள் என்பதால் அந்த 60 நாள் 61 ஆகாது. ஆகவே இந்த வழக்கு உங்கள் குழந்தையின் உரிமை பற்றியது, உங்கள் வேலைப் பாதுகாப்பு பற்றியது அல்ல என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணை சொல்வது என்ன

2025 ஜனவரி 20 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை 14160, இரண்டு வகைக் குழந்தைகளைக் குடிமக்களாக ஏற்கக் கூடாது என்று அரசுத் துறைகளுக்குச் சொல்கிறது. தாய் சட்டவிரோதமாகத் தங்கியிருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இல்லாவிட்டால் ஒன்று. தாய் சட்டப்படி, ஆனால் தற்காலிகமாக இருந்து, தந்தை அந்த இரண்டில் எதுவும் இல்லாவிட்டால் இன்னொன்று. நீங்கள் இரண்டாவது வகையில் வருகிறீர்கள். ஐ-140 அனுமதியாகிவிட்டதால் "கிட்டத்தட்ட நிரந்தரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆணைக்குக் கிட்டத்தட்ட என்பதெல்லாம் இல்லை. கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பமான ஐ-485 நிலுவையில் இருந்தாலும்கூட, கார்டு கைக்கு வராதவரை தற்காலிகம்தான். பிரசவ நாளன்று உங்கள் இருவரில் ஒருவரிடம் கிரீன் கார்டு இருந்தால் ஆணை உங்களைத் தொடாது.

ஆணை முன்னோக்கியது. கையெழுத்தாகி 30 நாள் கழிந்த பிறகு பிறப்பவர்களுக்கே பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2022-இல் பிறந்த மூத்த மகள் இதில் வரவில்லை.

நியூஜெர்சிக்குப் போக வேண்டியதில்லை

நீங்கள் படித்த செய்தி பழையது என்று நினைக்கிறேன். ஆணை வந்த மூன்றாம் நாளே சியாட்டில் நீதிபதி ஜான் கஃபனார் அதை நிறுத்திவைத்தார். மேரிலாந்து, மாசசூசெட்ஸ் நீதிமன்றங்களும் தொடர்ந்து தடை விதித்தன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது ஆணை சரியா தவறா என்று கேட்கவில்லை. ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதற்கும் தடை போடலாமா என்று மட்டும் கேட்டது. 2025 ஜூன் 27 அன்று 6-3 என்ற கணக்கில், வழக்குப் போட்டவர்களுக்கு வேண்டிய அளவைத் தாண்டி அப்படித் தடை போட முடியாது என்று தீர்ப்பு வந்தது. அந்தச் சில நாட்கள் உங்கள் பயத்துக்குப் பொருள் இருந்தது. வழக்குப் போட்ட 22 மாநிலங்களில் ஒரு நிலை, டெக்சாஸ் போன்ற மற்ற மாநிலங்களில் வேறு நிலை என்று ஆகியிருக்கலாம்.

ஆனால் ஒரே பாதிப்புக்கு உள்ளானவர்கள் எல்லோர் சார்பிலும் சேர்த்துப் போடும் குழு வழக்கு என்ற வழியை அதே தீர்ப்பு திறந்தே வைத்திருந்தது. ஜூலை 10 அன்று நியூஹாம்ப்ஷயர் நீதிபதி ஜோசப் லப்லான்ட், 2025 பிப்ரவரி 20 முதல் பிறந்த, இனிப் பிறக்கப்போகிற, ஆணையால் பாதிக்கப்படும் குழந்தைகள் அனைவரையும் ஒரே குழுவாக ஏற்று, அவர்களுக்கு எதிராக ஆணையைச் செயல்படுத்தத் தடை விதித்தார். குழுவில் குழந்தைகள் மட்டுமே இருக்கிறார்கள், பெற்றோர் இல்லை. நீங்கள் எங்கும் பெயர் பதிய வேண்டியதில்லை, கட்டணம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் குழந்தை பிறந்த நொடியில் அந்தக் குழுவில் சேர்ந்துவிடும், அது டல்லாஸில் பிறந்தாலும் நியூஜெர்சியின் எடிசனில் பிறந்தாலும். ("உங்கள் குழந்தையைக் குழு வழக்கில் சேர்க்கிறோம், 500 டாலர்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.)

அந்த வழக்கைத்தான் 2025 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இந்த முறை கேள்வி நேரடியானது: ஆணை அரசியலமைப்புக்கு உட்பட்டதா? நான் இதை எழுதுவது 2026 ஜனவரியில். நீதிமன்றத்தின் வழக்கப்படி ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்துக்குள் தீர்ப்பு வரும். அப்போது உங்கள் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியிருக்கும்.

மாமனார் சொல்வதில் எவ்வளவு சரி?

அவர் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்க அரசின் வாதமும் ஏறக்குறைய அதுதான். 1868-இல் ஏற்கப்பட்ட பதினான்காவது திருத்தம், அமெரிக்காவில் பிறந்து "அதன் ஆளுகைக்கு உட்பட்ட" அனைவரும் குடிமக்கள் என்கிறது. சண்டை முழுதும் அந்த நடுத் தொடரில் இருக்கிறது. ஆளுகைக்கு உட்படுவது என்றால் அந்த நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுவதா, அல்லது அந்த நாட்டுக்கு மட்டுமே முழு விசுவாசம் கொண்டிருப்பதா?

முதல் பொருளில் பார்த்தால் நீங்கள் உட்பட்டவர்தான். டல்லாஸில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதம் வரும், வருமான வரி கட்டாவிட்டால் வழக்கு வரும். வாஷிங்டனில் இருக்கும் இந்தியத் தூதர்மீது அப்படி வழக்குப் போட முடியாது. ஆகவே அவருக்குப் பிறக்கும் குழந்தை அமெரிக்கக் குடியாகாது. படையெடுத்து நிலத்தைப் பிடித்திருக்கும் எதிரிகளின் பிள்ளைகளும் அப்படியே. பழங்குடி அரசுகளுக்குள் பிறந்த செவ்விந்தியர்களும் விலக்கில் இருந்தார்கள். 1884-இல் ஜான் எல்க் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. 1924-இல் தனிச் சட்டம் போட்டுத்தான் அவர்கள் எல்லோரையும் குடிமக்களாக்கினார்கள். இன்றைய அரசு அந்த எல்க் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டு விசுவாசம் உள்ள பெற்றோருக்கும் அதே விதியை நீட்டப் பார்க்கிறது.

இன்னொரு பிடிமானம் 1866 மே 30 அன்று மேலவையில் இந்த வாசகத்தை முன்மொழிந்த ஜேக்கப் ஹோவர்ட் பேசிய ஒரு வாக்கியம். யாரெல்லாம் இதில் வர மாட்டார்கள் என்று சொல்லும் இடத்தில், அயலார், அந்நியர், தூதர்களின் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று கமா போட்டு மூன்று வருகிறது. நடுவில் 'அல்லது' இல்லை. மூன்றும் மூன்று தனி வகை என்று படித்தால் அயல்நாட்டார் எல்லோருடைய பிள்ளைகளும் வெளியே. முதல் இரண்டும் மூன்றாவதைத்தான் விவரிக்கின்றன என்று படித்தால் தூதர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வெளியே. 160 ஆண்டுக்கு முந்தைய ஒரு கமாவில் இவ்வளவு பேரின் எதிர்காலம் தொங்க வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது. நல்லவேளையாக அதே நாள் விவாதத்தில் வேறு சாட்சியும் கிடைக்கிறது. பென்சில்வேனியாவின் எட்கர் கோவன் எழுந்து, அப்படியானால் கலிஃபோர்னியாவில் சீனர் பிள்ளைகள் குடிமக்களாகிவிடுவார்களே என்று ஆட்சேபித்தார். கலிஃபோர்னியாவின் ஜான் கோனஸ், ஆம், ஆக வேண்டும் என்று பதில் சொன்னார். விளைவு தெரிந்தேதான் வாக்களித்தார்கள்.

1898: சமையற்காரர் வென்ற வழக்கு

உச்ச நீதிமன்றம் இதை நேராகத் தொட்டது வோங் கிம் ஆர்க் வழக்கில். அவர் ஒரு சமையற்காரர், சான் பிரான்சிஸ்கோவில் 1873-இல் பிறந்தவர். சீனா போய்விட்டு 1895-இல் திரும்பியபோது, நீ குடிமகன் இல்லை என்று துறைமுகத்தில் தடுத்தார்கள். 6-2 என்று அவர் வென்றார். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹோரஸ் கிரே, பெற்றோர் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள் என்ற விவரத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறிப்பிடுகிறார். அரசு இதைத்தான் எடுத்துப் போடுகிறது: நிரந்தரக் குடியிருப்பு இருந்ததால் வென்றார், விசாவில் வந்தவர்களுக்கு அது இல்லை என்று.

தீர்ப்பின் முடிவு வரியை மட்டும் படித்தால் இந்த வாதம் பலமாகத் தெரியும். உள்ளே போனால் அப்படி இல்லை. அந்நியர் ஒருவர் ஒரு நாட்டில் இருக்கும் காலம் வரை, அங்கே குடியிருக்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விசுவாசப் பிரமாணம் எடுக்காவிட்டாலும், அந்த நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்ற முன்னாள் வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டரின் கருத்தை கிரே ஒப்புதலோடு மேற்கோள் காட்டுகிறார். பெற்றோரின் விசுவாசம் பற்றிய வாதத்துக்கும் வழக்கின் சங்கதிகளே பதில். வோங்கின் பெற்றோர் சீனப் பேரரசரின் குடிகள். அமெரிக்கக் குடியுரிமை பெறவே முடியாதபடி சட்டம் அவர்களைத் தடுத்திருந்தது. 1890 வாக்கில் சீனாவுக்கே திரும்பியும் விட்டார்கள். இந்தியர்களுக்கும் இது புதிதல்ல. 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் காலத்திலும் அவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகள் குடிமக்கள்தான்.

குடியிருப்பு என்ற அளவுகோலையே எடுத்துக்கொண்டாலும் ஹெச்-1பிக்காரர்களுக்கு ஒரு வாதம் உண்டு. இந்த விசாவில் இருந்துகொண்டே நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் வைத்திருக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. உங்கள் ஐ-140 அந்த எண்ணத்துக்கு எழுத்துச் சான்று. சர்வதேச நிறுவன ஊழியர்களுக்கான ஜி-4 விசா பற்றிய 1978-ஆம் ஆண்டு வழக்கில், தற்காலிக விசாக்காரரும் குடியிருப்பை அமைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுற்றுலா விசாவில் வந்து பெற்றவரையும் பத்து வருடமாக வரி கட்டும் உங்களையும் ஆணை ஒரே கூடையில் போட்டிருப்பது எனக்கு அதன் பலவீனமான இடமாகப் படுகிறது. நீதிபதிகள் அப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

இந்தியாவில் எடுத்துவிட்டார்களே என்ற பேச்சு உண்மை. இங்கே 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறந்த இடமே பொதுவாகப் போதுமானதாக இருந்தது. பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றார்கள். 2004 டிசம்பர் 3 முதல், இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது என்று இறுக்கினார்கள். இதையெல்லாம் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் செய்ய முடிந்ததற்குக் காரணம், அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைத் தந்திருப்பது. அமெரிக்காவில் விதி அரசியலமைப்புக்குள்ளேயே இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 50-இல் 38 மாநிலங்களும் வேண்டும். அந்த வழி கடினம் என்பதால்தான் பொருள் விளக்கத்தின் வழியாக வருகிறார்கள்.

பிறந்த இடத்தை விட்டுப் பெற்றோரின் நிலைக்கு விதி மாறினால் நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு மலையகத் தமிழரின் கதையே போதும். இலங்கையின் 1948 சட்டத்தில் தோட்டத்தில் பிறந்தவர் தன் தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும், அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. பெரும்பாலோரிடம் அந்தக் காகிதம் இல்லை. அமெரிக்காவில் நாளை ஆணை செல்லும் என்றால், பிறப்புச் சான்றிதழ் மட்டும் காட்டிக் குடியுரிமையை நிறுவும் வழக்கம் உங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் போய்விடும்.

தீர்ப்பு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்

"ஆணை ரத்து" என்ற தலைப்புச் செய்தியோடு நின்றுவிடாதீர்கள். அரசியலமைப்பின் அதே வாசகத்தை 1940-இலும் 1952-இலும் அமெரிக்க நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரிந்ததே, அதை ஆணையால் மாற்ற முடியாது என்று சட்டத்தை மட்டும் வைத்து நீதிமன்றம் முடித்துவிடலாம். அப்போது உங்கள் குழந்தைக்கு வெற்றிதான், ஆனால் நாளை நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றினால் பின்னால் பிறப்பவர்களுக்குக் கேள்வி திரும்ப எழும். பதினான்காவது திருத்தத்தையே வைத்துத் தீர்ப்பு வந்தால் கதவு மூடியாகிவிட்டது.

இதுவரை கீழ் நீதிமன்றங்களும், 2025 ஜூலையிலும் அக்டோபரிலும் தீர்ப்பளித்த இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் ஆணைக்கு எதிராகவே நின்றிருக்கின்றன. ஆணை தோற்கும் என்றே நானும் எதிர்பார்க்கிறேன். எதிர்பார்ப்பை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பதால் கீழே உள்ளவை.

ஊருக்கு வந்தால்

இந்தியாவில் பிறந்தால் குழந்தைக்கு அமெரிக்கக் குடியுரிமை நிச்சயமாக இல்லை. வராமல் போகலாம் என்ற பயத்தில், வராது என்பதை நீங்களே உறுதி செய்கிறீர்கள். திரும்பிப் போகக் குழந்தைக்கு ஹெச்-4 எடுக்க வேண்டும். மனைவியின் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் அவருக்கும் ஸ்டாம்பிங். 2025 டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, ஹெச்-4 விண்ணப்பங்களுக்கும் சமூக ஊடகச் சோதனை வந்ததில் இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகங்களில் நேர்காணல் தேதிகள் பல மாதங்கள் தள்ளிப்போயிருக்கின்றன. கைக்குழந்தையோடு மனைவி இங்கே, மூத்தவளோடு நீங்கள் அங்கே என்று ஆகலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் விமான நிறுவனங்கள் மருத்துவர் சான்றில்லாமல் ஏற்றாது என்பது தனி. அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம் என்றால், மாமியாரை அங்கே வரவழைக்கப் பாருங்கள்.

பிறந்ததும் செய்ய வேண்டியவை

மருத்துவமனையில் நிரப்பச் சொல்லும் பிறப்புப் பதிவுப் படிவத்தில் சமூகப் பாதுகாப்பு எண் வேண்டுமா என்ற கட்டம் இருக்கும். ஆம் என்று குறியுங்கள், தனியாக அலுவலகம் போக வேண்டியிராது. அதே படிவத்தில் பெற்றோர் பெயரில் கவனம். நம் ஆட்களில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அதனால் விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யூ ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். எழுத்தர் அதைத் தந்தையின் முதல் பெயராக எழுதிவிட்டால், பிறகு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை) விண்ணப்பத்தில் உங்கள் பாஸ்போர்ட்டோடு பொருந்தாமல் திரும்பி வரும். பாஸ்போர்ட்டைக் காட்டி, அச்சடிக்கும் முன் திரையில் படித்துப் பார்க்கக் கேளுங்கள். பிஞ்சுக் கால் ரேகையோடு மருத்துவமனை தரும் அழகான தாள் நினைவுக்கு மட்டும், எந்த அலுவலகத்திலும் செல்லாது. கவுண்டி அல்லது மாநிலப் பதிவகத்தில் பெற்றோர் விவரம் உள்ள முழு வடிவச் சான்றிதழை வாங்குங்கள். டெக்சாஸில் சுருக்க வடிவமும் தருகிறார்கள், பாஸ்போர்ட்டுக்கு அதை நம்ப வேண்டாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் டிஎஸ்-11 படிவத்தில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். குழந்தையோடு பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட டிஎஸ்-3053 ஒப்புதல் படிவம் வேண்டும். கட்டணம் 100 டாலர், ஏற்பு மையத்துக்கு 35. பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் குடியுரிமை உறுதியாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ்போர்ட் குடியுரிமைக்குச் சான்று, குடியுரிமையை உண்டாக்குவது அல்ல. ஆனாலும் தடையாணை அமலில் இருக்கும்போது எடுத்து வைப்பதில் லாபமே தவிர நட்டமில்லை.

பிரசவ நாளன்று உங்கள் இருவரின் ஐ-94 (நுழைவுப் பதிவு), ஐ-797 (அனுமதி அறிவிப்பு), பாஸ்போர்ட் பக்கங்கள், அந்த மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகலைக் குழந்தையின் கோப்பில் வையுங்கள். எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும், அன்றைக்கு நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்கள் என்பதுதான் கேட்கப்படும்.

ஆணை செல்லும் என்று தீர்ப்பு வந்தால் குழந்தை நாடற்றதாகிவிடாது. வெளிநாட்டில் பிறக்கும் இந்தியர் குழந்தையை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தால் வம்சாவளிக் குடியுரிமை உண்டு. தாமதமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆனால் அந்தப் பதிவில், குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று உறுதி தர வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்பு ஜூலைக்குள், உங்கள் கெடு 2027 ஏப்ரல் வரை. அவசரப்பட ஒன்றுமில்லை. தீர்ப்பு பாதகமாக வந்த வாரமே ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள், குழந்தைக்கு ஹெச்-4 நிலை கேட்பதா என்பதையும் அப்போது முடிவு செய்யலாம். தீர்ப்பு வரும்வரை குழந்தையை இந்தியாவுக்குக் கூட்டி வர வேண்டாம். தாத்தா பாட்டி ஆகஸ்ட்டில் பார்த்துக்கொள்ளட்டும்.

மூத்த மகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான், 2027-இல் முடியும். 16 வயதுக்குள் தபாலில் புதுப்பிக்க முடியாது, மறுபடி டிஎஸ்-11தான், மறுபடி இருவரும் நேரில் போக வேண்டும். சின்னவனுக்கோ சின்னவளுக்கோ விண்ணப்பிக்கப் போகும் அன்றே அவளையும் கூட்டிப் போய் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.